முட்டை வாங்கியவனும் வராதவனும்

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. நான் எழுதிய முதல் நிரலைப் படித்துவிட்டு என் டீம் லீட் ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு போட்டிருந்தார். வேலை செய்கிறது, ஆனால் 'இடியமேட்டிக்'காக இல்லை.

நான் எழுதியது ஏழு வரி. முதலில் ஒரு காலிப் பட்டியல். பிறகு எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் வைத்து, பழைய பட்டியல் முடியும்வரை ஒரு சுற்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நிபந்தனைக்குப் பொருந்தினால் புதிய பட்டியலில் போட்டு, எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது. கல்லூரியில் சி மொழியில் படித்த கை அப்படித்தான் எழுதும். அவர் அந்த ஏழு வரியையும் அழித்துவிட்டு ஒரே வரியில் எழுதிக் காட்டினார். தமிழில் படித்தால் இப்படி வரும்: 'இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு க-வுக்கும், க நிபந்தனைக்குப் பொருந்தினால், அந்த க.' சதுர அடைப்புக்குறிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பைத்தான்காரர்கள் இதை லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்பார்கள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரி, ஆனால் நீ இந்த ஊர்க்காரன் மாதிரி பேசவில்லை என்று சொன்னால் என்ன செய்வது?

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் 'சாயா பூஞ்ஞா பூக்கு' என்று பேசி வளர்ந்தவன். என் புத்தகம் என்பதற்குப் பாசார் மலாய் அது. கடையில், பஸ்ஸில், திடலில் எல்லாருக்கும் புரியும். பள்ளியில் எழுதினால் சிவப்புக் கோடு விழும். 'பூக்கு சாயா' என்று எழுத வேண்டும். புரிவது வேறு, மரபு வேறு. அக்காதான் எனக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாள். அவளிடம் பிறகு வருகிறேன்.

*

பட்டியலிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பது நிரல் எழுதுபவர்கள் தினமும் செய்யும் வேலை. ஒவ்வொரு மொழியும் அதை ஒவ்வொரு மாதிரி சொல்லும். பைத்தானிலேயே இரண்டு வழி உண்டு. 1994-இல் வந்த முதல் பதிப்பிலேயே ஃபில்டர் இருந்தது. லிஸ்ப் மொழியில் பழகிய ஒருவர் எழுதிக் கொடுத்தது. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பில் காம்ப்ரிஹென்ஷன் சேர்ந்தது. கணிதத்தில் கணங்களை எழுதும் முறையிலிருந்து ஹாஸ்கெல் போன்ற மொழிகளுக்கும், அங்கிருந்து பைத்தானுக்கும் வந்த வடிவம் அது. பைத்தானை உருவாக்கிய குவிடோ வான் ரோஸத்துக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. 2005-இல், அடுத்த பெரிய பதிப்பில் ஃபில்டரையே தூக்கிவிடலாம் என்று எழுதினார். பயன்படுத்துகிறவர்கள் விடவில்லை. 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஃபில்டர் தப்பித்து நின்றது. வடிகட்டும் கருவியையே வடிகட்டப் பார்த்த கதை.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு 2009-ஆம் ஆண்டுத் தர வரையறையில்தான் ஃபில்டர் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. ரூபியில் இதற்கு செலெக்ட், ரிஜெக்ட் என்று இரண்டு சொல். ஸ்மால்டாக் மொழியிலிருந்து வந்த ஜோடி. ஒன்று பொருந்துவதை வைத்துக்கொள்ளும், மற்றது பொருந்துவதைத் தள்ளிவிடும். ஃபில்டர் என்ற பெயர் ரூபியில் 2018-இல்தான் சேர்ந்தது, அதுவும் செலெக்டுக்கு இன்னொரு பெயராக.

எனக்கு ரூபியின் ஜோடி பிடிக்கும். ஃபில்டர் என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. '40-க்குக் கீழே ஃபில்டர் பண்ணு' என்றால் 40-க்குக் கீழே உள்ளவர்களை எடுப்பதா, எடுத்துத் தள்ளுவதா? டீ வடிகட்டியில் தங்குவது குப்பைக்குப் போகும். சோறு வடித்தால் தங்குவதைத்தான் சாப்பிடுகிறோம், கஞ்சி வெளியே போகும். ஒரே வினைதான், எது நமக்கு வேண்டும் என்பது மட்டும் மாறுகிறது.

பேச்சுத் தமிழில் இந்தக் குழப்பம் வராது. 'பாஸான பிள்ளைங்க', 'பாஸாகாத பிள்ளைங்க' என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைத்தால் முடிந்தது. முதலாவது செலெக்ட், இரண்டாவது ரிஜெக்ட். நம் மொழியில் ஆளைச் சொல்வதற்கு முன்பே நிபந்தனை வந்துவிடுகிறது. பைத்தானில் ஆள் முதலில், நிபந்தனை கடைசியில். இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது, நானும் ஏதோ ஒரு மொழியில் ஊர்க்காரன்தான் என்று நினைக்க இது போதுமாக இருந்தது.

லீட் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டியலிலிருந்து எதையும் நீக்காதே. 10, 20, 75 என்று மூன்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. 40-க்குக் கீழே உள்ளவற்றை நீக்க வேண்டும். முதல் இடத்தில் 10. நீக்கிவிட்டோம். உடனே 20 முதல் இடத்துக்கும் 75 இரண்டாம் இடத்துக்கும் நகர்கின்றன. சுற்றோ இரண்டாம் இடத்தைப் பார்க்கப் போய்விட்டது. அங்கே 75. நடுவில் 20-ஐ யாரும் பார்க்கவேயில்லை. பிழைச் செய்தியும் வராது. இருக்கிற வரிசையிலிருந்து யாரையும் பிடித்துத் தள்ளாதே, வேண்டியவர்களைக் கொண்டு புது வரிசை கட்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஒற்றை வரி மரபை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் என் கை அதிலேயே பேச ஆரம்பித்தது. மற்றவர்களின் நிரலைப் படித்து நானும் ஓரத்தில் குறிப்பு போட ஆரம்பித்தேன்.

*

அக்கா ஸ்கூடாயில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் ஒரு மண்டபத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக மலாய் சொல்லித் தருகிறாள். 31 பிள்ளைகள், நான்கு தன்னார்வலர்கள். போன வருடம் ஒரு சோதனை வைத்தார்கள். 40-க்குக் கீழே எடுத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வகுப்பு. அந்தப் பெற்றோர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் செய்தி போக வேண்டும்.

"தம்பி, இத ஒவ்வொண்ணா பார்த்து அனுப்ப முடியல. நீ ஏதாவது செஞ்சு கொடேன்."

செய்து கொடுத்தேன். அரை மணி நேர வேலை. அவர்கள் விரிதாளில் மதிப்பெண்களை நிரப்புவார்கள். வராத பிள்ளைகளின் கட்டம் காலியாக இருக்கும். என் நிரல் அந்தக் காலிக் கட்டங்களை விட்டுவிட்டு, மிச்சத்தில் 40-க்குக் கீழே உள்ளவர்களை எடுத்து, பெயரையும் அனுப்ப வேண்டிய செய்தியையும் தயாராக வைக்கும். நடு வரி அழகாக இருந்தது. 'ம இருந்து, ம 40-ஐவிடக் குறைவு என்றால்.' லீட் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

மூன்று வாரம் கழித்து, இரவு பத்து மணிக்கு மேல் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, முட்டை வாங்கினவன் உன் கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஆளாவே தெரியலையா?"

ஒரு பையன். ஐந்தாம் ஆண்டு. சோதனையில் பூஜ்யம். பெயரை எழுதிவிட்டு, மிச்சத் தாளை அப்படியே மடித்துக் கொடுத்திருக்கிறான். திருத்தியவர் வேறு ஒருவர் என்பதால் அக்காவுக்குத் தெரியவில்லை. விரிதாளில் பூஜ்யம் ஒழுங்காக இருந்தது. என் நிரல் தயாரித்த பட்டியலில் அவன் இல்லை. 38 எடுத்தவள் இருந்தாள், 12 எடுத்தவன் இருந்தான், பூஜ்யம் எடுத்தவன் இல்லை. அவனுடைய அம்மா அன்று மண்டபத்துக்கு வந்து, "டீச்சர், எங்களுக்கு மெசேஜ் வரல, அப்ப பாஸ்தானே?" என்று சிரித்த முகமாகக் கேட்டிருக்கிறார். பையன் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். தாளை அவன் வீட்டில் காட்டவே இல்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இது எங்கள் தொழிலில் பழைய தவறு. பைத்தானில் 'நன்' என்று ஒரு மதிப்பு உண்டு, ஒன்றுமில்லை என்று அர்த்தம். காலிக் கட்டங்களை நான் அப்படித்தான் மாற்றி வைத்திருந்தேன். 'ம இருந்தால்' என்று சுருக்கமாக எழுதினால் பைத்தான் நன்-ஐத் தள்ளிவிடும். ஆனால் அது பூஜ்யத்தையும் தள்ளும், காலிச் சொல்லையும் காலிப் பட்டியலையும் தள்ளும். அதன் பார்வையில் இவை எல்லாமே 'பொய்' பக்கம். ஜாவாஸ்கிரிப்டிலும் பூஜ்யத்துக்கு இதே கதிதான். ரூபியில் எழுதியிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அங்கே பூஜ்யமும் உண்மைதான், நில்லும் பொய்யும் மட்டுமே வெளியே போகும்.

இதையெல்லாம் நான் அக்காவிடம் விளக்க ஆரம்பித்தேன். ஃபால்ஸி, ட்ரூத்தி என்று கொஞ்ச நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"வராதவனும், வந்து உக்காந்து ஒண்ணும் எழுத முடியாதவனும் ஒண்ணா?"

*

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். 2002-இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினாள். மலேசியாவில் ஆறாம் ஆண்டு முடியும்போது எழுதிய தேர்வு அது. 1988-இல் தொடங்கி 2021-இல் கைவிடப்பட்டது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு கூடுதல் கண்ணி இருந்தது. மலாய்த் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாவிட்டால் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. ஒரு வருடம் புகுமுக வகுப்பு. புத்தகத்தில்தான் அந்தப் பெயர். எங்கள் வீட்டில், தெருவில், பள்ளி பஸ்ஸில் எல்லாரும் சொல்வது 'ரிமூவ்'.

ரிமூவ். நீக்கு. இன்றைக்கு நான் தினமும் தட்டச்சு செய்யும் சொல். ஒரு வகுப்புக்கு அந்தப் பெயரை வைத்து, அதில் பன்னிரண்டு முடிந்த பிள்ளைகளை உட்கார வைத்தார்கள் என்பது எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை. 2003 ஜனவரியில் நான் முதலாம் ஆண்டுக்குப் போனேன், அக்கா ரிமூவுக்குப் போனாள். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் புதுச் சீருடை. உறவுக்காரர்கள் வந்தால், "மூத்தவ ஃபாரம் ஒன்னா?" என்பார்கள். அம்மா "ஆமா" என்பாள். அக்கா உள்ளே போய்விடுவாள்.

அம்மா அந்த ஒரு வருடத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பின்னால் அக்காவின் வயதும் படிவமும் ஒத்துப்போகாதபோது, "அவ வருஷக் கடைசியில பொறந்தவ" என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். 2008-இல் அக்கா எஸ்.பி.எம். எழுதினாள், நான் யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். அந்த வருடம் முழுக்க, தன் பாடத்தை மூடி வைத்துவிட்டு இரவு ஒன்பதிலிருந்து பத்துவரை எனக்கு மலாய்க் கட்டுரை சொல்லிக் கொடுத்தாள். 'பூஞ்ஞா' போட்ட இடத்தையெல்லாம் பென்சிலால் சுழிப்பாள். அவளுடைய மலாய் எங்கள் வீட்டிலேயே நல்ல மலாய். அந்த ரிமூவ் வருடத்தில் கற்றது.

நான் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போனேன். சல்லடையில் நான் எந்தப் பக்கம் தங்கினேன் என்பது அந்த ஒன்பது மணி பாடத்தால் முடிவானது. இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ரிமூவ் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. 'ம இருந்தால்' என்று நான் எழுதியதும், அம்மா "ஆமா" என்று சொன்னதும் ஒரே வரிதான். சொல்லச் சங்கடமானது, இல்லாததோடு சேர்ந்து போய்விட்டது.

*

நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு. அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர்கள் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர்கள் கடை. நெய்யரி என்றால் நெய் வடிகட்டி. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அன்னம் பாலை எடுத்துக்கொண்டு நீரை விடும் என்பது நம்பிக்கை.

அந்த வாரம் இது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அன்னமும் நெய்யரியும் செய்வது ஒரே வேலை. இரண்டும் பிரிக்கின்றன. ஒன்று செலெக்ட், ஒன்று ரிஜெக்ட். ஒன்றுக்கு முதல் இடம், மற்றதற்குக் கடைசி இடம். நெய்யரி இல்லாவிட்டால் நல்ல நெய் எப்படிக் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அக்காவின் பட்டியலுக்கு வேண்டியதும் நெய்யரிதான். தேறியவர்கள் கீழே இறங்கிப் போகட்டும். சிக்கி நிற்கிறவர்களைத்தான் கையில் பிடித்து வைக்க வேண்டும். கூடுதல் வகுப்பு என்பதே அதற்குத்தானே. நான் எழுதிய சல்லடையில், எல்லாரையும்விட அதிகமாகச் சிக்கி நின்றவன் ஓசையில்லாமல் ஒழுகிப் போயிருந்தான்.

பூஜ்யத்தை ஒரு மதிப்பாகப் பார்ப்பது எளிதாக வந்த பழக்கமில்லை. பழைய தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன, பூஜ்யத்துக்குக் குறி இல்லை. யூனிகோடில் தமிழ்ச் சுழியம் சேர்ந்ததே 2005-இல், 4.1 பதிப்பில். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை அதற்கு முன்பே உள்ளே இருந்தன. பூஜ்யம் ஒரு எண்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் அதை 'ஒன்றுமில்லை' என்று வாசிக்கக் கை போகிறது. என் கை போனது.

திருத்தம் சின்னது. 'ம இருந்தால்' என்பதை எடுத்துவிட்டு, 'ம நன் இல்லை என்றால்' என்று எழுதினேன். வரி கொஞ்சம் நீண்டது. கவனித்துப் பார்த்தால், பைத்தானின் பாணிக் கையேடும் இந்த இடத்தில் இதைத்தான் சொல்கிறது. நன்-ஐச் சோதிக்க வேண்டுமானால் நேராக நன்-ஐயே சோதி, வெறும் உண்மை, பொய்யை நம்பாதே. மரபு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மரபே இல்லை. மரபின் ஓசை மட்டும்தான். 'பூக்கு சாயா' என்று சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டு, யாருடைய புத்தகம் என்று பார்க்காமல் எடுத்துப் போவது மாதிரி.

பிறகு ஒரு சோதனைப் பட்டியலும் எழுதினேன். அதில் மூன்று பிள்ளைகள். ஒருவர் 75. ஒருவர் வரவில்லை. ஒருவர் பூஜ்யம். மூன்றாமவர் மட்டும் வெளியே வந்தால்தான் நிரல் சரி. இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். வராதவர்களையும் அப்படியே விட்டுவிடாமல் தனிப் பட்டியலாக எடுத்துக் கொடுத்தேன், ஏன் வரவில்லை என்று யாராவது கேட்கட்டும் என்று.

*

அந்தச் சனிக்கிழமை நான் ஸ்கூடாய்க்குப் போனேன். பையனின் அம்மா வந்திருந்தார். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் மெதுவாக, "டீச்சர், எக்ஸ்ட்ரா கிளாஸ்ல பேர் போட வேணாம். மத்த பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க. வீட்டுலயே நான் பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் ரிமூவ் கிளாஸ்தான்க்கா," என்றாள். "ஒரு வருஷம். இவன்தான் நேரா போனான்." என்னைக் காட்டிச் சிரித்தாள்.

முப்பது பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மண்டபம் அது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் எழுந்து போய், காலியாக இருந்த தண்ணீர்ப் போத்தல்களை அடுக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சோதனை. அன்றிரவு அக்கா விரிதாளைப் படமெடுத்து அனுப்பினாள். அவன் பெயருக்கு நேராக 9 என்று இருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்:

"இந்தத் தடவ உன் புரோகிராம் அவன விடல, தம்பி."